தொழில் என்ற கட்டம்

மொண்டேவீடியோ, ஓய்வூதிய அலுவலகம், ஏழாம் எண் ஜன்னல்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பவன் பெயர் வாஷிங்டன்.
இந்த நாட்டில் அப்படித்தான் வைப்பார்கள்.
என் முதல் கணவன் எடிசன்,
அவனுக்கு ஒரு பல்பு மாற்றத் தெரியாது.

"பெயர்?" எவுலாலியா பரெய்ரோ.
"வயது?" அறுபத்தேழு.
"தொழில்?"
படிவத்தில் அதற்கென்று ஒரே ஒரு கட்டம்,
பல்லி முட்டையிடும் அளவு.

பையிலிருந்த காகிதங்களை
ஜன்னலுக்கு அடியில் தள்ளுகிறேன்.

பத்தொன்பது வயதில்
ஒரு மாலை நாளிதழுக்கு ராசிபலன்.
வானத்தில் ஒரு நட்சத்திரத்தையும் அடையாளம் தெரியாது எனக்கு.
"விருச்சிகத்துக்கு மட்டும் நஷ்டம் போடாதே,
முதலாளி அந்த ராசி" என்றார் ஆசிரியர்.
இரண்டு வருடம்
ஊரார் தலையெழுத்தை
மதியச் சாப்பாட்டுக்குள் எழுதி முடித்தேன்.

பிறகு வானொலி நாடகம், நூற்று நாற்பது அத்தியாயம்.
கடைசி வாரத்தில் சீமாட்டிக்குப் பார்வை திரும்ப வேண்டும்,
சோப்புக் கம்பெனியின் ஒப்பந்தம் அப்படி.
நடிகைக்குச் சம்பளம் பாக்கி,
ஆகவே நூற்று இருபதிலேயே
அவளைப் படகேற்றி அனுப்பிவிட்டேன்.
இன்னும் கரை சேரவில்லை, பாவம்.

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடிந்திருக்குமே ஒரு தாள்,
'தலைசுற்றல் வரலாம், வராமலும் போகலாம்',
என் எழுத்தில் அதிகம் அச்சானது அதுதான்.
யாரும் பாராட்டவில்லை.
யாரும் சாகவும் இல்லை.

பிப்ரவரி தோறும் கார்னிவலுக்குப் பாட்டு.
முகத்தில் சாயம் பூசிய பஸ் கண்டக்டர்களும் ரொட்டிக்காரர்களும்
மேடையேறி அமைச்சரைக் கிழிப்பார்கள்.
பெண் எழுதியது என்று தெரிந்தால்
குரல் இறங்கிவிடும் என்றான் குழுத்தலைவன் ஃபாக்குண்டோ.
பெயர் அவனுடையது.
கூலியாக எனக்கு மாட்டிறைச்சி, எலும்போடு.

கவிதைத் தொகுப்பா? உண்டு, ஒன்று.
இருநூறு பிரதி. நூற்று அறுபது கட்டிலுக்கு அடியில்,
அதில் பதினொன்று
கட்டிலின் நான்காவது காலாக.

வாஷிங்டன் விரல் வைத்து எண்ணுகிறான், நிறுத்துகிறான்.
"எழுபத்தைந்திலிருந்து எழுபத்தொன்பது வரை
காகிதமே இல்லையே, சென்யோரா?"

இல்லைதான்.
நாளிதழைப் பூட்டி சீல் வைத்திருந்தார்கள்.
இரவில் பெண்கள் என் சமையலறைக்கு வருவார்கள்,
மாத்தே குடுவை கைமாறும், யாரும் முதலில் பேசமாட்டார்கள்.
மகன் உள்ளே. கணவன் உள்ளே.
விடுதலை என்று பெயர்கொண்ட ஊரில் இருந்தது அந்தச் சிறை.
இது என் கற்பனை இல்லை,
அத்தனை மோசமான எழுத்தாளர் இல்லை நான்.

மாதம் ஒரு கடிதம், ஒரு பக்கம்.
தணிக்கைக்காரனின் பேனா எங்கே இறங்கும் என்று
முன்கூட்டியே தெரிந்து எழுத வேண்டும்.
ஒருத்திக்கு, தம்பி கொல்லப்பட்டதை அண்ணனிடம் சொல்லியாக வேண்டும்.
விடியும்வரை உட்கார்ந்து எழுதினேன்:
'முற்றத்தில் இளைய தக்காளிச் செடி போய்விட்டது.
வேரில் நோயில்லை. யாரோ பிடுங்கியிருக்கிறார்கள்.'
ஒரு சொல்லும் அடிபடாமல் போய்ச் சேர்ந்தது.
பதில் வந்தது:
'அந்த இடத்தில் வேறெதுவும் நடாதே, அம்மா.'

அதன்பிறகு எதை எழுதினாலும்
கொஞ்சம் சோம்பேறித்தனமாகவே தெரிகிறது எனக்கு.

"அந்த வருடங்களுக்கு வேலையில்லை என்று போடட்டுமா?"
போடு என்கிறேன்.

தொழில் கட்டத்தில் அவன் சற்றுநேரம் திணறி
'இதர' என்று எழுதுகிறான்.
எழுத்து நன்றாக இருக்கிறது,
முத்து முத்தாக.

கையெழுத்துப் போடும்போது என் பேனா மக்கர் செய்தது.
உதறினேன், ஊதினேன்.
பென்சில் செல்லாது என்றான்.
வரிசையில் பின்னால் நின்றவர்
தன் சட்டைப் பையிலிருந்து ஒன்றைத் தந்தார்.

திருப்பிக் கொடுக்க மறந்து
கடலோரச் சாலைவரை நடந்து வந்துவிட்டேன்.
நல்ல பேனா.
இன்று காலை இரண்டு வரி எழுதியது.
ஒன்றை அடித்துவிட்டேன்.