விரல்ரேகை பொருந்தவில்லை

தடைக்காலம் முப்பத்தாறாம் நாள்.
மண்டபம் வடக்குத் துறையில்
கரையேற்றிய விசைப்படகின் வயிற்றிலிருந்து
மதியம் வெளியே வந்தேன்,
முழங்கை வரை கிரீஸ்.

ரேஷன் கடை மிஷின் சொன்னது:
விரல்ரேகை பொருந்தவில்லை.
கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்,
இடக்கை ஐந்தும்.
நாகூர்மீரா கண்ணாடியைத் துடைத்துவிட்டு
"கழுவிட்டு வாங்க பிரிட்டோண்ணே" என்றார்.
எனக்குப் பின்னால் பதினோரு பேர்.

கடலுக்குப் போனேன். பக்கத்தில்தானே.
வாலிநோக்கத்துப் பாத்தி உப்பை
ஒரு கை அள்ளிப் போட்டால்
ஒரு கேள்வி கேட்காது இந்தத் தண்ணீர்.
கூட்டலைச் சுற்றி ஒரு கூட்டம்,
கழித்தலைச் சுற்றி ஒரு கூட்டம்,
சண்டை விலக்க வந்த சொந்தக்காரர்போல்
ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.
என் விரலை மட்டும்
நனைக்கக்கூட இல்லை.
மணிமணியாய் உருண்டு விழுந்தது.

ராம்நாட்டில் மூன்று வருடம்
கெமிஸ்ட்ரி படித்தவன் நான்.
சொன்னால் படகு ஓனர் சிரிப்பார்.
இதில் வெறுப்பு என்று எதுவும் இல்லை.
நீர் ஒரு வளைந்த பிறவி;
தலையில் கொஞ்சம் கழித்தல்,
இரு கைகளிலும் கொஞ்சம் கூட்டல்.
நிமிர்ந்து நேராய்ப் பிறந்திருந்தால்
எல்லாம் ஈடாகிப்போய்
எதையும் பற்றத் தெரிந்திருக்காது.
அந்தக் கூனால்தான்
ஒன்றையொன்று இறுகப் பிடித்து நிற்கிறது.
கிரீஸ் வந்து இடம் கேட்டால்
பிடித்த கையை விட மனசில்லை.
அவ்வளவுதான்.
கிரீஸும் எந்தப் பக்கமும் சாயாதது,
பதிலுக்கு நீட்ட அதனிடம் ஒன்றுமில்லை.

இரண்டு பக்கமும் உறவுள்ள சோப்பு
எப்படியும் பேசி முடிக்கும் என்று
பள்ளிவாசல் பக்கத்து உவர்க்கிணற்றில் தேய்த்தேன்.
சுண்ணாம்பு ஏறிய தண்ணீர்.
நுரைக்காமல்
திரிந்த பாலாய் விரலிடுக்கில் நின்றது.

கடைசியில் எபனேசரின் வள்ளத்தில்
கேனின் அடியில் கிடந்த மண்ணெண்ணெய்.
ஒரே ஒரு மூடி.
இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே:
அழுத்தித் தேய்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை.
கறுப்பு இளகி வழிய
சுழி சுழியாய் மேலே வந்தது
என் பெயரில் பதிந்த தோல்.

மிஷின் என்னை நான்தான் என்று ஒப்புக்கொண்டது.
மூக்கைச் சுளித்தபடி அளந்தார் நாகூர்மீரா,
அரிசி, துவரம்பருப்பு, சீனி.
மண்ணெண்ணெய்?
"இந்த மாசம் வரல."

திரும்பும் வழியில் பார்த்தேன்,
வள்ளத்தின் ஓரம், நான் கைகழுவிய இடத்தில்
ஒரு சாண் வானவில்.
கடலோடு சேரவில்லை, கலைந்து போகவும் இல்லை.
ஒரு சின்ன நண்டு அதற்கடியில் புகுந்து
மறுபக்கம் ஏறி
கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது.