மூன்று பீடி நேரம்

வண்ணாரப்பேட்டை லாட்ஜ் ஹாலில்
இரண்டு நாள் பயிற்சி.
"தெரியாது" என்ற கட்டத்தை எடுத்தாச்சு என்றார் ஜெபசிங் சார்.
நடுவில் ஒரு கட்டம் விட்டால்
உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டு நிழலுக்கு ஓடுகிற மாதிரி
ஊரே அதில் ஒதுங்கிவிடும்.
இனி அ அல்லது ஆ.
தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

அவர் சொன்னதில் தப்பில்லை.
போன வருடம் பாப்பாக்குடியில்
நான் எடுத்த இருநூறில்
நூற்று முப்பது பேர் தெரியாது.
அதில் பாதிப் பேருக்குத் தெரியும்.
உலையில் அரிசி கிடந்தது, அவ்வளவுதான்.

முக்கூடல்.
மூன்று கூடுமென்று பேர் வைத்த ஊருக்குள்
இரண்டே வட்டங்களோடு நுழைந்தேன்.

தங்கபுஷ்பம். வயது நாற்பத்து மூன்று.
மடியில் முறம், வெட்டிய இலை, தூள், சிவப்பு நூல்.
முதல் பதினேழு கேள்விக்கும் தலை நிமிரவில்லை.
கை பாட்டுக்குக் கை, வாய் பாட்டுக்கு வாய்.
ரேஷன் கார்டு நிறம், கக்கூஸ் உண்டா, கடன் எவ்வளவு.
கடனுக்கு மட்டும் சிரித்தாள்.

பதினெட்டு.
அ: என் மகள் இந்த வேலைக்கு வரக் கூடாது.
ஆ: இந்த வேலை இல்லாமல் என் வீடு நடக்காது.
உங்கள் மனதுக்கு நெருக்கமான ஒன்றை மட்டும்.

"ரெண்டும் நெசந்தானே?"
ஒண்ணுதான் சொல்லணும்க்கா.
"ரெண்டும் ஒரே வீட்லதானய்யா கெடக்கு."

உள்ளறையில் மகள்.
நர்சிங் புத்தகத்தை அரிசி மூட்டையில் சாய்த்து வைத்து
கையில் கத்தரி, வாயில் எலும்புகளின் பெயர்கள்.
தகடு வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள்,
தன் செமஸ்டர் பணத்தை
ஒவ்வொரு இலையாக.

தங்கபுஷ்பம் அந்தப் பக்கம் பார்த்தாள்.
ஒரு பீடி சுருண்டது.
இன்னொன்று.
மூன்றாவதின் வாயை மடக்கி, நூல் சுற்றி, அறுத்தாள்.
நான்காவது இலை கிழிந்தது.
கிழிந்ததைக் கீழே போடாமல்
கையிலேயே வைத்திருந்தாள்.

"ஒமக்கு எது தோதோ அதத் தொடும்."

தொட்டேன்.
எதை என்று இங்கே எழுதப் போவதில்லை.
பக்கம் திறந்தது.
பத்தொன்பது: வீட்டில் மிக்ஸி உண்டா?

அந்தக் கருவிக்குள் யாரும் பார்க்காத ஒரு வரிசை இருக்கிறது.
கேள்விக்கு எத்தனை விநாடி என்று
அதுவாகக் குறித்துக்கொள்ளும்.
ஆபீசில் ஒரு ராத்திரி தெரியாமல் திறந்துவிட்டேன்.
இரண்டு, மூன்று, இரண்டு, நான்கு,
பதினெட்டில் தொண்ணூற்று நான்கு.
அடுத்த வீடு எழுபத்தொன்று.
கீழத்தெரு நூற்று மூன்று.
ஊர் முழுக்க அந்த ஒரு இடம்
அடிபட்ட விரல் மாதிரி வீங்கிக் கிடந்தது.

அறிக்கையில் அறுபத்தொரு சதவீதம் ஆ என்று வரும்.
அதில் என் விரல் எத்தனை சதவீதம் என்று வராது.

ஜெபசிங் சாரிடம் காட்டினேன்.
"சிக்னல் கெடைச்சிருக்காது.
அறுபதுக்கு மேல உள்ள வரியெல்லாம் தூக்கிரு."
சிக்னல் இருந்துச்சு சார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
"அப்ப ஒண்ணு, அவங்களுக்குக் கேள்வி புரியல.
இல்ல, நீ ஒழுங்காக் கேக்கல.
ரெண்டுல எது?"

கீழே பைபாஸில் ஒரு மதுரை பஸ் போனது.
இன்னொன்று.