கடிகாரப் பழுது, ரூ. 40

மண்டபம் தென்கடல் மனமகிழ் மன்றம்.
பதிவான வருசம் எழுபத்து நாலு.
நோக்கம்: நட்பு, நல்லொழுக்கம், உள்ளரங்க விளையாட்டு.
கூட்டத்துக்குப் பதினைந்து ரூபாய்க்கு
தீர்மானப் புத்தகம் எழுதினேன் நான்,
கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று
சீனி நைனா சொன்னதால்.

பழைய பக்கங்களில் ஒரு கேரம் பலகை,
போரிக் பவுடர் இரண்டு டப்பா.
அப்புறம் சீட்டுக்கட்டுகள்.
அப்புறம்
நாற்பது குதிரைச் சக்தியில் படகு எஞ்சின் ஒன்று,
"மின்விசிறி வகையில்".

கச்சான் அடிக்கிற மாசங்களில் கூட்டம் கிடையாது.
காற்று விழுந்த இரவுகளில் போட்டி நடக்கும்.
இத்தனை ஜோடி, இன்னார் வெற்றி என்று நான் எழுதியதெல்லாம்
முதலில் பீடி இலை, பிறகு கடலட்டை,
கடைசி வருசங்களில் விரலி மஞ்சள்.
கோப்பை என்றால் திரும்பி வருவது.
அதுவும் மஞ்சள்தான், அதுவும் விரல் நீளம்தான்.

தொண்ணூற்றாறில் அக்கரை தன் கடிகாரத்தை முன்னே தள்ளியது.
எங்கள் சுவர்க் கடிகாரமும் அரைமணி தள்ளிக்கொண்டது.
சுங்க ஆய்வாளர் கோதண்டபாணி
செவ்வாய்தோறும் ரம்மிக்கு வருவார், தோற்கவே மாட்டார்.
"ஏம்ப்பா, இது மட்டும் முன்னாலேயே ஓடுதே?"
"பழுதுங்கய்யா."
பத்து வருசம் எழுதியிருக்கிறேன்:
கடிகாரப் பழுது, ரூபாய் நாற்பது.
அக்கரை மனம் மாறிய அன்றைக்கே
பழுதும் நீங்கிற்று. அதற்கும் நாற்பது.

தொம்மையைப் பற்றி ஒரே ஒரு பதிவு.
சந்தா பாக்கி ஆறு மாதம்.
விதி பதினொன்றின்படி பெயர் நீக்கப்படுகிறது.
முன்மொழிந்தவர் நம்புவேல். வழிமொழிந்தவர் சீனி நைனா.
எந்த மணல்திட்டருகே, எந்தப் படகின் வெளிச்சம் பார்த்து
அவன் குதித்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.
எனக்கும் தெரியும்.
'விதி' என்று எழுதும்போது பேனா சற்று நின்றது,
அவ்வளவுதான்.

மறுவாரம் பிலோமினா வந்தாள்.
பெண்கள் உள்ளே வரக்கூடாது, அது விதி நாலு.
வாசலில் நின்று முந்தியை அவிழ்த்து
அறுபது ரூபாய் எண்ணினாள்,
பாதி சில்லறை.
"பாக்கியை வாங்கிக்கிட்டு அவுக பேரை எழுதுங்கண்ணே."
ரசீது போட்டேன். எண் நானூற்றுப் பதினேழு.
பேரை எழுதவில்லை.

போன மாசம் சீல் வைத்தார்கள்.
புத்தகம் இப்போது நீதிமன்றத்தில்.
இரண்டு நாள் புரட்டிவிட்டு அரசு வக்கீல் கேட்கிறார்,
எல்லாம் சரியாக இருக்கிறது,
நானூற்றுப் பதினேழின் அடிக்கட்டை மட்டும் இடிக்கிறதே,
அந்த அறுபது ஏன் கணக்கில் ஏறவில்லை?

சில்லறை என் வீட்டில்தான் இருக்கிறது, ஐயா.
யார் பேரில் வரவு வைக்க?