சாட்சிக்கு இருவர்

ராத்திரி ஒன்றே முக்கால். ஒத்தக்கடைப் பத்திர ஆபீஸ்.
ஜெசிந்தாவின் மீட்டர்
மைப்பெட்டிக்கு மேல் மட்டும் துடித்தது.
எலி, என்றேன்.
எலிக்கு ரேகை உண்டா, என்றாள்.

தத்தனேரியிலிருந்து தார்ப்பாய் போட்ட வேன் வந்தது.
இறங்கியவர்களுக்கு நிழலில்லை
(அமாவாசையில் யாருக்குத்தான்?)
டோக்கன் இருந்தது.
ரேஷன் கடையில் பழகிய கால்கள்,
வரிசை கலையவில்லை.

மொக்கைச்சாமி, தொண்ணூற்றேழில் செத்தவர்,
இரண்டேகால் ஏக்கரை
குவாரிக்காரருக்கு
இன்றைய தேதியில் கிரயம் செய்தார்.
கேமராவில் விழுந்தது
மேஜை,
தானாய் அழுந்தும் ஒரு தாள்.

"ஏன்யா வர்றீங்க?"

"வராட்டி திவசச் சோறு
வந்து சேராதுங்கறான் தம்பி.
காக்கா பூராம் அவன் கையில."

ஸ்டேஷனில் ஏட்டையா கொட்டாவி விட்டார்:
நேரில் பார்த்த சாட்சி ரெண்டு பேர் வேணும்,
உங்களைத் தவிர.
புகார் மனுவின் ஓரத்தில்
ஈரம் காயாத நீல ரேகை.
"ஒண்ணு ஆச்சு" என்றாள் ஜெசிந்தா.

வெளியே, மூன்று மணி இருட்டில்,
காம்பவுண்டுச் சுவரில் ஒரு காக்கா.
வேதக்காரியை விட்டுவிட்டு
என்னை மட்டும் பார்த்தது.

அப்பாவுக்குத் திவசம்
வருகிற வியாழன்.