இருபது நொடி

மூச்சு விட மறந்துபோகிறவர்களை
இந்த வார்டில்தான் முதலில் பார்த்தேன்.
இருபத்தெட்டு வாரம், தொள்ளாயிரத்து அறுபது கிராம்,
இன்னும் பேர் வைக்கவில்லை.
கால் பட்டையில் 'பேபி ஆஃப் நிரோஷா'.

இழுக்கிறாள், விடுகிறாள், இழுக்கிறாள்,
ஏதோ யோசனை வந்தாற்போல
நிறுத்திவிடுகிறாள்.
தொண்ணூற்றிரண்டு. எண்பத்தைந்து. எழுபத்தொன்று.
மிஷின் கத்தும்.
ஓடிப்போய் உள்ளங்காலைச் சுண்டுவேன்.
சிணுங்கல். ஞாபகம் வந்துவிட்டது.
நேற்று ஒரே இரவில் பதினொரு தரம்.

மருந்து காபிச் சத்துதான்.
எனக்குப் பிளாஸ்க்கில்,
அவளுக்கு ஊசிக்குழாயில்.
இரண்டு பேரும் விழித்திருக்க வேண்டுமே.

டாக்டர் தமயந்தி ஒரு பழுப்புக் குப்பி கொண்டுவந்தார்.
வெனிலா.
தலைமாட்டுத் துணி ஓரத்தில் சொட்டுச் சொட்டாய்.
'உடம்பு தூங்கினாலும் மூக்கு தூங்காது' என்றார்.
'ரொம்ப நெடியா இருக்கா, மோந்து பாருங்க சிஸ்டர்.'
முகக்கவசத்தை இறக்கிக் குனிந்தேன்.
'சரியா இருக்கு டாக்டர்.'

பொய்.
எல்லோரும் வீட்டுக்குள் அடைந்திருந்த வருடம்
எனக்கு வந்த காய்ச்சல் போனது,
மணத்தையும் கூட்டிக்கொண்டு போனது.
டெட்டால் இல்லை, மல்லிப்பூ இல்லை.
கூவம் பாலத்தில் பஸ் ஏறும்போது
பக்கத்து சீட்டைப் பார்த்துதான்
நானும் மூக்கைப் பொத்துகிறேன்.
பால் திரிந்ததை மகன் வந்து சொல்ல வேண்டும்.

டாக்டர் போனதும்
ஆயா ரெஜினாவைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன்.
'ஐஸ்க்ரீம் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும்மா.'
துணியை மாற்றினேன்.
இந்த முறை எண்ணி, இரண்டே சொட்டு.

சாயங்காலம் நிரோஷா வந்தாள்,
காசிமேட்டிலிருந்து, தையல் பிரியாத வயிற்றோடு.
நெஞ்சில் வைத்துப் படுத்த துணியைக் கேட்டிருந்தோம்.
பாலித்தீன் பையில் நான்காய் மடித்து,
நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள்.
'வீடு பூரா மீன் வாடை சிஸ்டர்.
அலசி எடுத்துட்டு வரட்டுமா?'
'அலசவே கூடாது.'
அப்போதுதான் கொடுத்தாள்.

ஒரு பக்கம் வெனிலா, ஒரு பக்கம் அம்மா.
நடுவில் எள்ளுப் போல இரண்டு துவாரம்.
எனக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று
அதன் வழியே போய்க்கொண்டிருக்கிறது.

அன்றிரவு நான்கு தரம்தான் கத்தியது.
மணமா, மருந்தா, ஒரு நாள் வயது கூடியதா?
குறிப்பேட்டில் டாக்டர்
நான்கு என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.

மூன்றே கால் மணி. எழும்பூர் பக்கம் ரயில் ஒன்று
யாரையும் எழுப்பாமல் நுழைகிற நேரம்.
மறுபடியும் நின்றாள்.
கையை நீட்டினேன், சுண்டவில்லை,
மனசுக்குள் எண்ணினேன்.
பத்து. பதினாலு.
மூலைத் துணி பக்கம்
தலை ஒரு நூல் அளவு திரும்பியது,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.
பதினேழு.

பதினெட்டில் இழுத்தாள்.
பிறகுதான் நான்.