பத்தாவது விளக்கு

போன மாசியில் கோட்டைவாசல் வளைவில்
ஹெட் கேஸ்கெட் போனது.
பதினாறு கட்டு முருங்கைக்காய்
புனலூரைப் பார்க்காமலே வாடிற்று.
அன்றும் பாதியில்தான் நின்றது மீட்டர் முள்,
பொய் சொல்லிப் பழகிய சாட்சி மாதிரி.

அதைப் பிடுங்கிய ஓட்டையில்
இப்போது சோப்பு டப்பா மூடி.
பத்துத் துளை, பத்து எல்.இ.டி.
கடைசிச் சிவப்பு மட்டும்
கந்தூரி சீரியல் செட்டில் கழற்றியது.

தெர்மிஸ்டரை வெந்நீரில் இறக்கி
ஒவ்வொன்றாய் ஏற்றிப் பார்த்தேன்.
"பால் சட்டியில மட்டும் அத முக்கிராதீக"
என்றாள் மைதீன் பாத்து.
பத்தாவதும் எரிந்தது,
அடுப்படியில்.

புளியரை ஏற்றம், இரண்டாம் கியர்,
முன்னால் வைக்கோல் லாரி.
ஆறு. ஏழு.
கண்ணாடியில் பட்ட மஞ்சள்
தேக்கு மரங்களின் மேல் மிதந்து வருகிறது.
எட்டு.
ஒன்பது.
விசிறி பிடித்துக்கொள்ளும் சத்தம்.

ஆரியங்காவுச் சாரலில்
எட்டு, ஏழு, பிறகு பச்சை.
சாலையில் ஒருநாளும் எரிந்ததில்லை பத்து.
எஞ்சின் நன்றாயிருக்கிறதா,
நான் வைத்த ஈயம் விட்டுப்போயிற்றா?
தெரிந்துகொள்ள ஒரு வழிதான்.
அதற்கு மனசில்லை.

செக்போஸ்ட்டில்
மூடியை விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு
பில்லை நீட்டுகிறேன்.