மூன்று வாய்

நெல்லித்தோப்பில்
பிளைவுட் கடைக்கு மேல் மாடி.
பழைய மெத்தைகளைச் சுவரில் ஆணியடித்து
அதைத்தான் ஸ்டுடியோ என்கிறார் கலிவரதன்.
ஃபேன் கிடையாது, சத்தம் பதிவாகும்.
நாற்பத்து மூன்று வயதில் நான்
பதினான்கு வயது ஜப்பான் பையன்.
எபிசோடுக்கு எண்ணூறு ரூபாய்,
கத்தல் அதிகமிருந்தால் ஆயிரம்.

அனிமே என்றால் என்ன என்று
டீ வந்த நேரத்தில் ஒருநாள் கேட்டுவிட்டேன்.
பிரெஞ்சு, என்றாள் எஸ்தெல்,
உயிருள்ளது, துடிப்பானது,
எங்கப்பா பென்ஷன் வாங்கின பாஷை, எனக்குத் தெரியாதா.
இங்கிலீஷ், என்றார் கலிவரதன்,
நீளச் சொல்லை வால் நறுக்கிவிட்டார்கள்,
பாண்டிச்சேரியை நாம் பாண்டி ஆக்கினதுபோல.
சண்டை லத்தீன் வரைக்கும் போனது.
அங்கே அதற்கு மூச்சு என்று பொருளாம்.
டீ ஆறிவிட்டது.

மஞ்சக்குப்பத்தில் பத்தாவதோடு நின்றவள் நான்.
உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் மட்டும் மறக்கவில்லை.
புள்ளி வைத்த மெய் தானாக அசையாது.
ஒரு அ வந்து ஏறினால்தான்
க் என்பது க ஆகும்,
கத்தும், கடலைப் பார்த்து ஓடும்.
இதை அவர்களிடம் சொல்லவில்லை.
எண்ணூறு ரூபாய்க்காரி இலக்கணம் பேசினால்
சிரிப்பார்கள்.

இந்தப் பையனுக்கு மூன்றே வாய்.
திறந்தது, பாதி, மூடியது.
அதற்குள் 'மன்னிச்சுடு' அடங்க வேண்டும்,
'எங்கண்ணனைக் கொன்னது நீதானா' அடங்க வேண்டும்.
நொடிக்கு எட்டுப் படம்தான் வரைவார்களாம்,
ஒன்றையே மூன்று தடவை காட்டுவார்களாம்.
வாராவாரம் டிவிக்குக் கொடுக்க
காசும் ஆளும் போதாத காலத்தில் வந்த பழக்கம்.
எனக்கொன்றும் ஆச்சரியமில்லை.
ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரத் தலைக் குழம்பை
செவ்வாய் வரை சுண்டவைக்கிறவள் நான்.
செவ்வாய்க்கிழமைதான் அதற்கு ருசி.

அதற்கும் முன்னால்
சைக்கிளில் மிட்டாய் விற்றவர்கள்
மரச்சட்டத்தில் அட்டைப் படங்களை ஒவ்வொன்றாய் உருவி
தெருவில் கதை சொன்னார்களாம்.
மிட்டாய் வாங்கின பிள்ளைக்கு முன்வரிசை.
படம் அசையாது.
பேய், ராஜா, அழுகிற குழந்தை,
எல்லாம் அந்த ஒரே ஆளின் தொண்டை.
அவருக்கு யார்
வெந்நீர் வைத்துக் கொடுத்திருப்பார்கள்?

நேற்று ஒரு காட்சி.
ரயில்வே கேட்டில் பையன் நிற்கிறான்.
பத்து நொடி. ஒன்றும் நடக்கவில்லை.
முடி மட்டும் காற்றில்,
அதுவும் இரண்டே படம் மாறி மாறி.
ஃபைல் நின்னுபோச்சு என்று
மவுஸைத் தட்டினார் கலிவரதன்.
இல்லை, ஓரத்தில் எண்கள் ஓடுகின்றன, என்றேன்.
வசனத் தாளில் அந்த இடத்தில் எஸ்தெல்
'மூச்சு' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

முதல் டேக்கில் வந்தது என் மூச்சு,
மாடிப்படி ஏறிய மூச்சு.
இரண்டாவதில் நடிப்பு.
மூன்றாவதில்
தானே புயலுக்கு மறுநாள் காலை
கூரையில்லாத வீட்டுக்கு முன்னால்
கையில் வாளியோடு நான் நின்ற நிற்பு.

ஓகே, என்றார் கலிவரதன்
ஹெட்போனைக் கழற்றாமல்.

திரையில் அவன் அப்படியே நின்றான்,
யாரோ வரைந்த மெய்,
மூன்றாவது வாயோடு.

இதில் கத்தல் இல்லை.
எண்ணூறுதான் தருவார்கள்.